பாடமாக்கலும் பிழைபார்த்தலும்

எனது பத்திரிகை வாழ்க்கை ஆசிரியபீடத்தில் ஆரம்பமாகவில்லை. ஒப்புநோக்குநர் அறையில், மங்கிய மின்குமிழ் ஒன்றின் கீழ், மை காயாத காலி புறூவ்களின் நடுவே ஆரம்பமாயிற்று. ஈய எழுத்துக் கோத்த காலம் அது. ஒருவர் மூலப்பிரதியை உரத்து வாசிப்பார். மற்றவர் புறூவில் கண்ணை வைத்துப் பிழை குறிப்பார். இருவர் செய்யவேண்டிய இந்த வேலையை ஒருநாள் இரவு நான் தனியே செய்து, 'பிழையில்லை' என்று கையொப்பமும் இட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாட் காலை, செய்தியின் தலைப்பிலேயே 'ழ' நிற்கவேண்டிய இடத்தில் 'ள' நின்றது.

என்னைக் கண்டிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அங்கிருந்த மூத்த ஒப்புநோக்குநர் கண்டிக்கவில்லை. "தம்பி, நீர் அதை வாசிக்கேல்லை. என்ன இருக்கவேணும் எண்டு உமக்கு முதலே தெரியும். தெரிஞ்சதைத்தான் கண் கண்டது" என்றார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்த வார்த்தைகளை மீண்டும் நினைக்கவைத்தவள் எனது பேத்தி.

ஐந்தாந் தரத்தில் படிக்கிறாள். ஐந்தாந் தரம் என்றால் இலங்கை வாசகர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: பத்து வயதுப் பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சை ஒன்று இங்கே உண்டு. கிராமத்து ஏழைப் பிள்ளைக்கும் நல்ல பாடசாலையின் கதவு திறக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு, கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்தில் தோன்றிய ஏற்பாடு. இன்று அது பிள்ளைகளின் பரீட்சையா, தாய்மாரின் பரீட்சையா என்று சொல்வது கடினம். வெட்டுப்புள்ளி என்ற சொல்லைக் கேட்டாலே வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளில் இரத்த அழுத்தம் ஏறுகிறது.

மகள் வீட்டிலே நான் தங்கியிருந்த ஒரு மாலைநேரம். பேத்தி, தனியார் வகுப்பிற் கொடுத்த அச்சுத்தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மண்டபத்துக்கும் குசினிக்கும் இடையே நடந்தபடி உரத்து வாசித்துக்கொண்டிருந்தாள். பத்துத் தடவையாவது வாசித்திருப்பாள். பின்னர் தாளைக் கதிரையில் எறிந்துவிட்டு, "பாடமாக்கிட்டன், அம்மப்பா" என்றாள்.

தாளை எடுத்து எனது மடியிற் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இலங்கையின்ரை மிக நீளமான ஆறு?"

"மகாவலி."

"எத்தனை கிலோமீற்றர்?"

அவளுடைய கண் தாளைத் தேடியது. அது கவிழ்ந்து கிடந்தது. "எனக்குத் தெரியும், ஆனால் வருகுதில்லை" என்றாள். மிக உயர்ந்த மலை எது என்றேன். பிதுருதலாகல என்றாள். உயரம் வரவில்லை. ஒன்பது மாகாணங்களைச் சொன்னாள். ஊவாவை இரண்டு தடவை சொல்லிச் சப்ரகமுவவை விட்டுவிட்டாள். முகம் வாடிவிட்டது. அந்தப் பிள்ளை ஏமாற்றவில்லை. பத்தாவது தடவை வாசிக்கும்போது ஒவ்வொரு வரியும் அவளுக்குப் பழகிய முகமாகத் தெரிந்திருக்கிறது. பழகிய முகத்தைக் கண்டு சிரிப்பது ஒன்று. ஆள் முன்னால் இல்லாதபோது பெயரைச் சொல்வது வேறொன்று. 'ழ'வைக் கோட்டைவிட்ட எனது கண்ணுக்கு நேர்ந்ததுதான் அவளுக்கும் நேர்ந்திருந்தது.

மனனம் செய்வதே தவறு என்று பேசுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. பிள்ளைகள் விளங்கிப் படிக்கவேண்டும், கிளிப்பிள்ளைகளாக்கக் கூடாது என்கிறார்கள். விளங்காததை உருப்போடுவதில் எனக்கும் உடன்பாடில்லை. மாதிரிக் கட்டுரைகளை முற்றுப்புள்ளி உட்படப் பாடமாக்கிக் கொண்டுபோய் ஒப்புவிக்கும் வழக்கத்தைப்போல் பிள்ளையின் மொழியைக் கெடுப்பது வேறொன்றில்லை. ஆனால் ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ணுகிற பிள்ளைக்கு, கணக்கை விளங்கிக்கொள்ளப் பொழுது எங்கே மிஞ்சும்? வாய்ப்பாடு, சொற்களின் எழுத்து, நாட்டின் ஆறும் மலையும் மாவட்டமும், சில ஆண்டுகள், சில வரைவிலக்கணங்கள் - இவை கைக்கெட்டிய தூரத்தில் இருக்கவேண்டிய தட்டுமுட்டுச் சாமான்கள். பட்டியல் சிறிதாக இருக்கலாம். இருப்பது உறுதியாக இருக்கவேண்டும்.

நமது முன்னோர் இதை அறிந்தே இருந்தார்கள். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் நூல் பயிலும் முறையைச் சொல்லும்போது, பாடத்தைப் போற்றுவதோடு நிறுத்தவில்லை. கேட்டதை மீள நினைப்பதையும், வினவுவதையும், வினவியதற்கு விடை சொல்வதையும் சேர்த்தே சொல்கிறார். இன்னொன்றும் உண்டு. ஆசிரியரிடம் எவ்வளவுதான் கவனமாகக் கேட்டாலும் புலமையிற் காற்பங்குதான் சேரும். இன்னொரு காற்பங்கு உடன்பயில்வோரோடு பழகி வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதால் வரும் என்பது அவர் கணக்கு. உள்ளே போனதை வெளியே எடுக்கும் வேலைக்கு இத்தனை பெரிய பங்கு கொடுத்த அந்தப் பகுதியைப் பள்ளியில் நாம் பொருளறியாமல் ஒப்புவித்தோம் என்பது வேடிக்கைதான்.

உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் தமது திண்ணைப் பள்ளிக்கூடத்தை வர்ணிக்கிறார். மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ, பறவையின் பெயரோ, ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவாராம். மறுநாட் காலையில் அதை நினைவாக வந்து சொல்லவேண்டும். மறந்தால் அடி. அடியை நீக்கிவிட்டுப் பார்த்தால், இதைவிடச் சிறிய, செலவில்லாத வீட்டுவேலை ஒன்றை இன்றைய கல்வித் திணைக்களங்கள்கூட வகுத்ததில்லை. இடையில் ஓர் இரவு போகவேண்டும், அதன் பின் நினைவிலிருந்து சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஐயாவின் முறை வேறு. நாவலர் பெருமானின் சைவ வினாவிடை எங்களுக்கு அன்று பாடம். ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்து வினாவை வாசிப்பார். விடையின்மேல் தமது அகன்ற உள்ளங்கையை வைத்து மூடிக்கொள்வார். நான் சொல்லி முடித்த பிறகே கை நகரும். சொன்னது சரியா என்று அவர் சொல்லமாட்டார். "நீயே பார்" என்பார். புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டுவார். எனது விடையையும் நாவலரின் விடையையும் நானே சொல்லுக்குச் சொல் ஒத்துப் பார்க்கவேண்டும். ஒப்புநோக்கும் தொழிலை நான் அச்சகத்தில் அல்ல, ஐயாவின் உள்ளங்கைக்குக் கீழேதான் பழகினேன் என்று இப்போது தோன்றுகிறது.

விஞ்ஞானிகளும் இதையே வேறுவழியால் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஜேர்மனியரான எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே பாடமாக்கித் தமது மறதியை மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். படித்த முதல் நாளிலேயே பெரும்பகுதி கரைந்துவிடுகிறது, எஞ்சியது மெதுவாகக் கரைகிறது என்று கண்டார். 1939இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஸ்பிற்சர் என்பவர் 91 பாடசாலைகளைச் சேர்ந்த 3605 ஆறாம் வகுப்பு மாணவரை வைத்து ஒரு சோதனை நடத்தினார். வாசித்த உடனேயே கேள்வி கேட்கப்பட்ட பிள்ளைகளிடம் பாடம் தங்கியது. கேள்வியைத் தள்ளிப்போடத் தள்ளிப்போடப் பாடமும் போய்விட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது 2006இல் ரோடிகரும் கார்பிக்கியும் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களில் ஒரு பகுதியினர் ஓர் உரைப்பகுதியை இரண்டு தடவை படித்தார்கள். மறுபகுதியினர் ஒரு தடவை படித்துவிட்டு, இரண்டாவது தடவைக்குப் பதிலாக, நினைவில் உள்ளதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை படித்தவர்களே முன்னின்றார்கள்: அவர்களுக்கு நூற்றுக்கு 81, மற்றவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகியது. படித்தவர்களிடம் 42 எஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 56. பரீட்சைக்கு முதல்நாள் இரவு தாளைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் பிள்ளை ஏன் 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று நம்பி உறங்கப் போகிறது என்பதற்கு அந்த ஐந்து நிமிடக் கணக்கே விடை.

பேத்தியோடு நான் செய்ததில் புதுமை எதுவுமில்லை. கொப்பியின் ஒற்றையை நெடுக்காக மடித்தோம். இடப்பக்கத்தில் வினா, மடிப்புக்கு மறுபக்கத்தில் விடை. நாளொன்றுக்கு இருபதுக்கு மேல் இல்லை. வினாக்களை அவளே பாடப்புத்தகத்திலிருந்து எடுக்கவேண்டும். விளங்காத ஒன்றை எழுதக்கூடாது. (வினா எழுதுவதற்கே பாதிப் பாடம் விளங்கியிருக்கவேண்டும் என்பதை அவள் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.) பிறகு விடையை மடித்து மறைத்துவிட்டு, வேறு தாளில் பதிலை எழுதவேண்டும். வாயாற் சொன்னால் போதாது. வாய் மழுப்பும், பென்சில் மழுப்பாது. இருபதும் எழுதிய பின் மடிப்பைத் திறந்து, தானே சரியும் புள்ளடியும் போடவேண்டும். புள்ளடி விழுந்தவற்றின் விடையை ஒருமுறை பார்த்து எழுதி, மறுநாள் மீண்டும் அவற்றிலிருந்தே தொடங்கவேண்டும்.

இரண்டு மூன்று நாளாகியும் அடங்காத வினாக்களுக்கு வேறு ஏற்பாடு செய்தோம். ஓய்வுபெற்றபோது என்னிடம் மிஞ்சிய விசிற்றிங் காட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. வெற்றுப் பக்கத்தில் வினா. எனது பெயரும் பதவியும் அச்சிட்டிருந்த பக்கத்தில், அவற்றின் மேலேயே, விடை. மூன்று பழைய தபாலுறைகள். முதலாவது ஒவ்வொரு நாளும் பார்ப்பது, இரண்டாவது மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவது வாரத்துக்கு ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த உறைக்கு ஏறும். பிழைத்தால் எந்த உறையில் இருந்தாலும் முதலாவதுக்கு இறங்கிவிடும். இது 1972இல் லைற்னர் என்ற ஜேர்மன்காரர் தமது நூலில் சொன்ன பெட்டி முறைதான். அவர் அறைகள் பிரித்த பெட்டி வைத்தார். நாங்கள் உறை வைத்தோம். நாற்பதாண்டுப் பதவியின்மேல் 'பம்பரகந்த - 263 மீற்றர்' என்று பேத்தி எழுதிக் கண்டபோது முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

முதல் வாரம் நன்றாகவே போயிற்று. நன்றாக என்றால், புள்ளடிகள் நிறைய விழுந்தன. இருபதுக்கு ஒன்பது, இருபதுக்கு எட்டு. அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பெரிதுபடுத்தியவள் எனது மகள். ஒருநாள் வேலையால் வந்து கொப்பியைப் புரட்டினாள். "இருபதிலை ஒன்பது பிழை! இன்னும் எத்தினை மாதம் இருக்குது பரீட்சைக்கு? ரியூசனிலை பக்கத்திலை இருக்கிற பிள்ளையள் எத்தினை எடுக்குதுகள்?" என்று தொடங்கினாள். நான் குறுக்கிட்டேன். "அப்பா, நீங்கள் செல்லங் குடுக்கிறியள்" என்று எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. பேத்தி எதுவும் பேசாமல் புத்தகப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து முன்னேற்றம் கண்கூடாகத் தெரிந்தது. இருபதுக்குப் பதினெட்டு. அடுத்த நாள் இருபதுக்கு இருபது. மகளுக்கு மகிழ்ச்சி. எனது முறைக்கு வெற்றி என்று நானும் ஒரு நாள் நம்பினேன். மறுநாள் அந்தத் தாளைச் சன்னல் வெளிச்சத்திற் பிடித்தபோதுதான் பழைய தொழிற்கண் விழித்துக்கொண்டது. ஏழாவது விடை, மகாவலியின் நீளம். 335 என்று சரியாகவே எழுதியிருந்தது. ஆனால் அதன் அருகே போட்டிருந்த சரி அடையாளத்தின் வால் பாதி அழிந்திருந்தது. அழிறப்பர் பட்ட இடம் மங்கலாகத் தெரிந்தது. அதன் கீழே 353 என்ற பழைய எழுத்தின் பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டது. சரி போட்ட பிறகு விடை திருத்தப்பட்டிருக்கிறது. பதின்மூன்றாவதிலும் அப்படியே. பதினாறாவதிலும் அப்படியே.

பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும் என்றுதான் எழுந்தேன். பிறகு இருந்துவிட்டேன். என்ன கேட்பது? பிழையைக் கண்டுபிடி என்று நான்தான் அவளிடம் சொன்னேன். கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததற்காக ஏச்சு வாங்கினாள். அடுத்த நாள் எந்தப் பத்து வயதுப் பிள்ளையும், ஏன், எந்த ஆசிரியபீடமும் செய்யக்கூடியதைத்தான் அவளும் செய்தாள். தவறான செய்திக்கு மறுப்பு வெளியிட நாங்கள் எத்தனை தடவை தயங்கியிருக்கிறோம், எட்டாம் பக்கத்தின் மூலையில் எத்தனை திருத்தங்களை ஒளித்திருக்கிறோம் என்பது எனக்குத் தெரியும்.

இரவு, பிள்ளை உறங்கிய பிறகு, தாளை மகளிடம் காட்டினேன். வாலறுந்த சரியையும் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன். அவளோ வேறெங்கோ போய்விட்டாள்.

"தென்மராட்சியிலை இருந்தது ஞாபகம் இருக்குதோ, அப்பா?" என்றாள்.

எப்படி மறப்பேன்? 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பக்கமாக நடந்த நாள். மழை வேறு. அப்போது அவள் பத்தாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில், கிடைத்த தாளிலெல்லாம் எழுதிச் சேர்த்த குறிப்புகளை ஒரு பையிற் சுமந்துகொண்டு நடந்தாள். போய்ச் சேர்ந்து பையைத் திறந்தபோது மை முழுவதும் கரைந்து, ஒற்றைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஒரு பாடசாலை மண்டபத்தில் பல குடும்பங்களோடு எங்களுக்கும் ஓர் மூலை கிடைத்திருந்தது. இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், அழுகையை நிறுத்துவதற்காகவே, என்னிடமிருந்த பத்திரிகைக் கழிவுத்தாளைக் கொடுத்து, "மண்டைக்குள்ளை இருக்கிறதை எழுது பாப்பம்" என்றேன். இதயத்தின் படத்தையும் இரத்தச் சுற்றோட்டத்தையும் எழுதினாள். அரைப்பக்கம்கூட வரவில்லை. சரிபார்க்கப் புத்தகமும் இல்லை. மண்டபத்தின் மறுமூலையில், வேறு பாடசாலைப் பிள்ளை ஒருத்தி விஞ்ஞானக் கொப்பியை நனையாமல் கொண்டுவந்திருந்தாள். இருவரும் இருந்து ஒத்துப் பார்த்தார்கள். விட்டதற்கெல்லாம் வட்டம் போட்டார்கள். மறுநாளும் எழுதினார்கள். அந்தக் கொப்பியின் சொந்தக்காரி தன்னுடைய குறிப்பிலேயே இரண்டு பிழை இருந்ததை என் மகளின் ஞாபகத்திலிருந்து கண்டுபிடித்தாள். அது பெரிய கொண்டாட்டமாக இருந்தது அவர்களுக்கு. பின்னாளில் இருவரும் பரீட்சை எழுதித் தேறினார்கள்.

"அண்டைக்கு எவ்வளவு பிழை விட்டனாங்கள்" என்றாள் மகள். "ஆரும் எங்களை ஏசேல்லை. ஏசுறதுக்கு ஒருத்தருக்கும் நேரம் இல்லை."

அதற்குமேல் நாங்கள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. தாளை மடித்து என்னிடம் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாள் மாலை அவள் செய்த காரியம் எனக்குத் தோன்றியிராதது. பேத்தியின் முன்னால் தானும் ஒரு தாளோடு இருந்து, "எனக்கும் இருபது கேளுங்கோ" என்றாள். விடைகளை எழுதினாள். மடிப்பைத் திறந்து, மகள் பார்த்துக்கொண்டிருக்க, தனது விடைகளுக்குத் தானே அடையாளம் போட்டாள். ஆறு புள்ளடி. பேத்தி அவற்றை எண்ணினாள், திரும்பவும் எண்ணினாள். பிறகு தனது தாளை எடுத்துக்கொண்டு போய், கட்டில் மூலையில் இருந்து எழுதினாள். அன்று அவளுக்கு ஏழு புள்ளடி. அழிறப்பர் பென்சிற் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

அதன் பின் என்னையும் விடவில்லை. வாரம் மூன்று நாள் எனக்கும் பரீட்சை. நான் படித்த காலத்து அறிவிற் பாதி காலாவதியாகிவிட்டது என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். கோள்கள் ஒன்பது என்றேன். புளூட்டோவை 2006இல் நீக்கிவிட்டார்கள் என்று புள்ளடி போட்டாள். மாவட்டங்கள் எத்தனை என்றாள். பள்ளியில் நான் பாடமாக்கியது 22. 1978இல் கம்பஹாவும் முல்லைத்தீவும் வந்து 24 ஆகி, 1984இல் கிளிநொச்சி வந்து 25 ஆன செய்திகளை நானே பத்திரிகையில் கையாண்டவன். ஆனாலும் அவசரமாகக் கேட்டால் வாய் 22 என்றே சொல்கிறது. சிறுவயதில் இறுகியது அவ்வளவு இலேசில் இளகாது. பிழையாக இறுகிவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணித்தான், விடையைப் பாடப்புத்தகத்தோடு ஒத்துப் பார்க்காமல் எந்த அட்டையையும் உறைக்குள் போடக்கூடாது என்று அவளுக்குச் சட்டம் போட்டிருக்கிறேன்.

25 மாவட்டங்களையும் வரிசையாக எழுதும் வினா எனக்கென்று அவள் தனியாக எழுதிய அட்டை. மூன்று தடவையும் நான் மொனராகலையை விட்டுவிட்டேன். நேற்று மாலை நான்காவது தடவை. மிகக் கவனமாக எழுதி, இருமுறை எண்ணிப் பார்த்துக் கொடுத்தேன். 25 இருந்தன. அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அம்மப்பா, பதுளை ரெண்டு தரம் வந்திருக்குது."

புள்ளடியைப் போட்டு, அட்டையை முதலாவது உறைக்குள் வைத்துவிட்டு, விளையாடப் போய்விட்டாள்.